மறுமொழி: மறுமொழி: மின்மாற்றியை இணைக்கும்போது வரும் இன்ரஷ் – தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். துணைமின்நிலையப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெரிய மின்மாற்றிக்கு மின்சாரம் கொடுத்த கணமே வேறுபாட்டுக் காப்பு ரிலே (மின்மாற்றியின் இரு பக்க மின்னோட்டங்களையும் ஒப்பிட்டுப் பழுதைக் காணும் கருவி) இயங்கி, பிரேக்கர் (மூடினால் மின்சாரம் பாயும், திறந்தால் நிற்கும் சாதனம்) திறந்துகொண்டால் என்ன பார்க்க வேண்டும் என்பது ஓர் அத்தியாயம். அதில் இன்ரஷ் என்ற சொல், அதாவது மின்மாற்றியை இணைத்ததும் சற்று நேரம் தாவி எழும் பெரிய மின்னோட்டம், பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பழைய வரைவில் 'அவசர மின்னோட்டம்' என்றிருக்கிறது. படிப்பவர் நெருக்கடி என்றே எண்ணுவார். நல்ல சொல் தாருங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

சொல் நம்மிடமே இருக்கிறது: புதுப்புனல். பரிபாடலின் வையைப் பாடல்களைப் பாருங்கள். வறண்ட ஆற்றில் முதல் வெள்ளம் கரை கொள்ளாமல் வருகிறது, பின் அடங்குகிறது. புனலின் வேர் 'புகு' என்றே நான் கருதுகிறேன். நிலத்துக்குள் புகுவது புனல். இன்ரஷ் என்பதும் புகுதல்தானே? புதுமின் என்று சுருக்கினாலும் தகும்.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர் எழுதியது:

ஐயா, மின்துறையில் புனல் என்றால் புனல் மின் நிலையம். பள்ளி ஆய்வகத்திலோ அது எண்ணெய் ஊற்றும் புனல். நிலையப் பணியாளர் தடுமாறுவார்.

நடப்பது என்னவென்று முதலில் பார்ப்போம். மின்னழுத்தம் சுழி மதிப்பைக் கடக்கும் கணத்தில் பிரேக்கர் மூடினால், உள்ளகத்தின் (சுருள்களுக்கு நடுவிலுள்ள எஃகுக் கரு) காந்தப்பாயம் வழக்கமான உச்சத்தைப்போல இரு மடங்கை நோக்கி ஏறும். முன்பே எஞ்சிய காந்தம் அதே திசையில் இருந்தால் இன்னும் கூடும். சுருள் மின்தடையை நேர்மின்னோட்டத்தால் அளந்துவிட்டு, காந்தத்தை நீக்காமல் இணைக்கும்போது இது அடிக்கடி நேர்கிறது. உள்ளகம் தெவிட்டியதும், அதாவது மேலும் காந்தமேறாத நிலையை எட்டியதும், மின்னோட்டம் முழுச்சுமை அளவைப்போல எட்டு, பத்து மடங்குக்குத் தாவலாம். அது ஒரு பக்கச் சுருளில் மட்டும் நுழைகிறது, மறுபக்கம் வெளியேறுவதில்லை. ஆகவே ரிலேயின் கணக்கில் அது உள்பழுதுபோலவே தெரிகிறது. இரண்டாம் இசையத்தை (மின்னோட்டத்தில் கலந்திருக்கும் இரு மடங்கு அதிர்வெண் கூறு) வைத்துத்தான் ரிலே அதைப் பிரித்தறிகிறது: அது வரம்புக்கு மேல் இருந்தால் இன்ரஷ் என்று கொண்டு இயங்காமல் இருக்கும். பல இடங்களில் வரம்பு, அடிப்படை அதிர்வெண் கூற்றில் 15 விழுக்காடு. இன்றைய நல்ல உள்ளக எஃகில் மூன்று கட்டங்களில் (ஃபேஸ்) ஏதாவது ஒன்றில் அந்த இசையம் வரம்புக்குக் கீழே போய்விடுவதுண்டு. ரிலே வீணாகச் சுற்றைத் துண்டிக்கும்.

பணியாளர் இதைப் பழுது என்று எண்ணி மின்மாற்றியைப் பிரிக்கக் கூடாது. உண்மையான பழுதை இதுவென்று எண்ணி மறுபடி மூடவும் கூடாது. இரண்டாவதில் உயிரே போகலாம். அதனால் சொல்லில் பழுது, வெள்ளம், சேதம் என்ற வாடையே வேண்டாம்.

கணினித்துறை நண்பர் எழுதியது:

அப்படியானால் 'பாய்மின்'. வினைத்தொகை, நான்கே எழுத்து, நாவில் நிற்கும்.

தமிழாசிரியர் எழுதியது:

'மின்' ஏவல் பன்மை விகுதியும் ஆகும். கேண்மின், உண்மின், சென்மின். கையேட்டில் 'பாய்மின்' என்று கண்டால் எல்லோரையும் குதிக்கச் சொன்னதாகவே நான் படிப்பேன். 'எழுமின்' என்பதற்கும் இதே இடர். நான் முன்னர் சொன்ன 'புதுமின்' வினையடியில் பிறந்ததன்று. அதற்கு இந்த இடர் இல்லை.

மின்பொறியாளர் எழுதியது:

பாய்வு என்றாலும் எனக்கு உடன்பாடில்லை. காந்தப்பாயம் காரணம், இன்ரஷ் விளைவு. பாயம், பாய்வு என்று சிறு வேற்றுமையில் அடுத்தடுத்து நின்றால் அச்சுப்பிழை ஒன்றே போதும், பாடம் தலைகீழாகிவிடும்.

யாழ்ப்பாண இயற்பியல் ஆசிரியை எழுதியது:

எங்கள் பாடநூல்களில் மின்மாற்றி என்பது நிலைமாற்றி. அது கிடக்கட்டும், இன்னொன்றுக்காக எழுதுகிறேன். அருகில் ஏற்கெனவே இயங்கும் மின்மாற்றியிலும் தொடர்ந்து எழும் இன்ரஷுக்கு யாரோ தனிமடலில் 'பரிவுப் பாய்வு' என்றார். எங்களுக்குப் பரிவு என்றால் ஒத்ததிர்வு. இங்குள்ள மாணவர் முற்றும் வேறான ஒன்றைப் புரிந்துகொள்வர். 'உடன்' என்ற முன்னொட்டே போதும். அடிச்சொல்லுக்குப் 'பெருக்கு' எப்படி? ஆடிப்பெருக்கு என்றால் எவரும் அஞ்சுவதில்லை.

கணினித்துறை நண்பர் எழுதியது:

பெருக்கி என்பது ஆம்பிளிஃபையர் அல்லவா? பெருக்கல் கணக்கும் இருக்கிறதே.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

பெருக்கி கருவி, பெருக்கு நிகழ்வு. சூழலே பிரித்துக் காட்டும். 'தொடக்கப் பெருக்கு', 'உடன்பெருக்கு' என்று வைத்துக்கொள்கிறேன். ஐவர் தனிமடலில் ஒப்பினர். முதல் முறை வரும் இடத்தில் இன்ரஷ் என்று தமிழெழுத்தில் அருகே எழுதிவிடுகிறேன், களத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். இனி காலமில்லை.

மின்பொறியாளர் எழுதியது:

பெருக்கு சரி. 'தொடக்க' என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். வெளியே ஒரு மின்தடப் பழுது நீங்கி மின்னழுத்தம் மீளும்போதும் இதே பெருக்கு வருகிறது. அப்போது மின்மாற்றி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உடன்பெருக்கிலும் அப்படியே. பெயர் 'தொடக்கம்' என்று சொன்னால், அந்நேரத்தில் ரிலே துண்டித்ததும் பணியாளர் இக்காரணத்தை நினைக்கவே மாட்டார். 'காந்தமாக்கப் பெருக்கு' நீளம்தான், ஆனால் எல்லா நிலைக்கும் பொருந்தும். அச்சுக்குப் போகும் முன் அந்த அத்தியாயத்திலாவது மாற்றுங்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

காந்தமாக்கப் பெருக்கில் புணர்ச்சி சரி. புதுமின் என்பதை இன்னும் கைவிடவில்லை.