எபிடாரஸில் உறங்கி எழுந்தவர்கள்

கிரேக்கத்தின் நாஃப்பிலியோ நகரில் தங்கியிருந்தபோது, ஒரு நாள் காலையில் பேருந்தேறி, பண்டைக் கிரேக்கத் திருத்தலமான எபிடாரஸுக்குச் சென்றேன். உடன் வந்தவர்கள் இறங்கியதும் அரங்கத்தை நோக்கி விரைந்தார்கள், நானும் பின்தொடர்ந்தேன். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுந்து, பின்னர் மேல்வரிசைகள் சேர்க்கப்பட்டு 55 வரிசைகளாக உயர்ந்த அந்தக் கல்லரங்கின் நடுவட்டத்தில் வழிகாட்டி ஒருவர் நாணயத்தைப் போட, உச்சியில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் மெல்லிய ஓசை கேட்டது. ஆனால் அது நாணயம் என்று தெரிந்தது, போட்டதைக் கண்ணால் பார்த்ததால்தான். 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் அங்கு அளந்து சொன்னதும் ஏறத்தாழ இதையேதான்: நாணயத்தின் ஓசை எங்கும் எட்டும், ஆனால் அது இன்ன ஓசையென்று பாதி உயரம் வரைதான் புலப்படும்.

கைதட்டியவர்களில் பலர் அப்படியே பேருந்துக்குத் திரும்பிவிட்டார்கள். பண்டைக்காலத்தில் இவ்வூருக்கு மக்கள் திரண்டு வந்தது முதன்மையாக நோய் தீர்வதற்காக என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்லியிருக்கலாம். நீராடித் தூய்மையாகி, பலியிட்டு, அபட்டான் என்னும் நீண்ட தூண்மண்டபத்தில் நோயாளிகள் இரவு படுத்துறங்குவார்கள். கனவில் மருத்துவத் தெய்வமான அஸ்கிலிப்பியஸ் தோன்றிக் குணமாக்குவார் என்பது நம்பிக்கை. அந்த மண்டபத்தின் தூண்கள் சில இப்போது நிமிர்த்தி வைக்கப்பட்டுள்ளன. அங்கு என்னைத் தவிர ஒரு பூனை மட்டுமே இருந்தது.

அருங்காட்சியகத்தின் முதல் அறையில், குணமானவர்களின் கதைகளைப் பொறித்த கல்வெட்டுகள் நிற்கின்றன. சொற்களுக்கிடையே இடைவெளியே இல்லாமல் எழுத்துகள் நெருங்கிக் கிடக்க, எங்கே ஒரு நோயாளி முடிந்து அடுத்தவர் தொடங்குகிறார் என்பதே பார்வைக்குப் பிடிபடவில்லை. கல்லடைப்பால் துன்புற்ற யூஃபனஸ் என்னும் சிறுவனின் கதையை முன்பே மொழிபெயர்ப்பில் படித்திருந்தேன். குணமாக்கினால் எனக்கு என்ன தருவாய் என்று கனவில் தெய்வம் கேட்க, தான் விளையாடும் பத்து எலும்புக் காய்களைத் தருவதாக அவன் சொல்கிறான்; தெய்வம் சிரித்துவிட்டுச் சம்மதிக்கிறது. ஒற்றைக் கண் பார்வையிழந்த அம்புரோசியா என்னும் ஏதென்ஸ் பெண்ணோ, முடவர் நடந்தார், குருடர் பார்த்தார் என்ற செய்திகளைக் கேட்டு நகைத்தவள்; அவளுக்கும் குணம் உண்டு, ஆனால் தன் அறியாமைக்குச் சான்றாக வெள்ளியில் ஒரு பன்றி செய்து வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. தெய்வத்துக்குக் குறும்பு அதிகம்தான்.

இக்கதைகளில் ஒருவரும் சாகவில்லை. அதற்குக் காரணமும் உண்டு: திருத்தல எல்லைக்குள் இறப்பும் பிறப்பும் தடை செய்யப்பட்டிருந்தன. இறக்கும் நிலையிலிருந்தவர்களுக்கும் பிள்ளைபெற இருந்தவர்களுக்கும் எல்லைக்கு வெளியே ஒரு வீடு கட்டித்தர, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அந்தோனினஸ் என்னும் ரோமானியப் பெருந்தனக்காரர் ஒருவர் வரவேண்டியிருந்தது. அதுவரை அவர்கள் திறந்த வெளியில் கிடந்தார்கள். குணமாகாதவர்களின் கல்லைத்தான் நான் தேடினேன்; அப்படி ஒன்று அங்கே இல்லை.

*

மேலே எழுதியவரின் பகிர்வைப் படித்ததும் என் அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. கி.மு. 293இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது, எபிடாரஸுக்குத் தூதர்கள் சென்று புனிதப் பாம்பு ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்றும், அது டைபர் ஆற்றின் நடுத்தீவில் தானாக இறங்கியது என்றும் ரோமானியர் எழுதியுள்ளனர். அந்தத் தீவின் கரையைக் கப்பல் வடிவில் கல்லால் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பகுதி இன்றும் எஞ்சியிருக்கிறது. படிகளில் இறங்கி ஆற்றோரம் நின்று பார்த்தேன். அந்தக் கல்லில் செதுக்கியிருந்த அஸ்கிலிப்பியஸின் முகம் சிதைந்துபோயிருந்தது. கோலைச் சுற்றிய பாம்பை மட்டும் அடையாளம் காண முடிந்தது. தலைக்கு மேலே, அதே தீவில், 16ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட மருத்துவமனை இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறது.