கணுக்கால் சுளுக்கோடு சிலம்பப் பயிற்சி: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாகச் சிலம்பம் பயின்று வருகிறேன். மூன்று வாரங்களுக்கு முன், காலடி வரிசையில் பின்னோக்கித் திரும்பியபோது வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கி, வெளிப்புறத் தசைநார் சற்றே இழுபட்டுவிட்டது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் எலும்பு முறிவு இல்லை என்றார், வீக்கமும் வடிந்துவிட்டது. சமதளத்தில் வலியின்றி நடக்கிறேன் என்றாலும், படியிறங்கும்போதும் ஒற்றைக் காலில் 10 நொடிக்கு மேல் நிற்கும்போதும் கால் நடுங்குகிறது.

ஆசான் இப்போதைக்கு முக்காலியில் அமர்ந்தபடி கம்பு சுற்றச் சொல்லியிருக்கிறார். (இத்தனை நாள் காலின் வேகத்தை நம்பி மணிக்கட்டைச் சோம்பலாக வைத்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.) என் தயக்கமெல்லாம் காலடியைப் பற்றியதுதான். எங்கள் களம் மேடுபள்ளமான மண்தரை, ஆடுவதும் வெறுங்காலில் என்பதால், கணுக்காலுக்குப் பட்டை அணிந்து நேர்க்காலடியை மட்டும் மெதுவாகத் தொடங்கலாமா, அல்லது ஒற்றைக் காலில் அரை நிமிடமாவது அசையாமல் நிற்க முடியும் வரை காத்திருக்க வேண்டுமா? துள்ளலும் சுழற்சியும் உள்ள வரிசைகளுக்கு எந்தக் கட்டத்தில் திரும்பலாம் என்பதையும், இதே காயத்திலிருந்து மீண்டவர்களும் இயன்முறை மருத்துவர்களும் எழுதினால் பேருதவியாக இருக்கும். வரும் திங்களன்று மருத்துவரை மீண்டும் பார்க்கவிருக்கிறேன். அவரிடம் கேட்க வேண்டியவை இருந்தாலும் தெரிவியுங்கள்.