டெட் வில்லியம்ஸ் விரும்பியா போருக்குப் போனார்?

பாளை பேட்ஸ்மேன்:
சங்கர் நகர் மைதானத்தில் கிளம்பிய பேச்சு இது. அமெரிக்க பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் 1941-இல் .406 சராசரியில் ஆடியவர் (பேஸ்பால் சராசரி என்பது பத்துத் தடவை மட்டை பிடித்தால் நாலு தடவை அடி விழுந்தது என்கிற மாதிரிக் கணக்கு). அவர் ஆடிய பெரிய போட்டித் தொடரான அமெரிக்கன் லீகில் அதன் பிறகு ஒருவரும் .400-ஐத் தொடவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1943 முதல் மூன்று சீசன் கடற்படை விமானப் பயிற்சியில் போயிற்று. 1952-இல் கொரியப் போருக்கு மறுபடி கூப்பிட்டார்கள். ஜெட் விமானத்தில் 39 முறை சண்டைக்குப் பறந்தார். ஆடியிருந்தால் அவருடைய 521 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) 600-ஐத் தாண்டியிருக்கும். தானே முன்வந்து நாட்டுக்காக விட்டுக்கொடுத்த மனுஷன்!

வள்ளியூர்க்காரன்:
அண்ணாச்சி, ‘தானே முன்வந்து’ என்பதுதான் இடிக்கிறது. தாயாருக்குத் தான் ஒருவரே ஆதரவு என்று முதலில் கட்டாயப் பட்டாளச் சேவையிலிருந்து விலக்கு வாங்கினார். பத்திரிகைகள் கிழிகிழி என்று கிழித்த பிறகுதான் 1942 மே மாதம் கடற்படையில் பெயர் கொடுத்தார். கொரியாவுக்குக் கூப்பிட்டபோது வயது 33, தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடும் ரிசர்வ் பட்டியலில் பெயர். கடுப்போடுதான் போனார்.

பாளை பேட்ஸ்மேன்:
கடுப்போடு போனவர் 1953 பிப்ரவரி 16 அன்று செய்ததைப் பாரும் தம்பி. கீழேயிருந்து சுட்டதில் ரேடியோ செத்துவிட்டது, ஹைட்ராலிக் போயிற்று, சக்கரம் இறங்கவில்லை. ஆளோ ஆறடி மூன்றங்குலம். இருக்கையோடு வெளியே எகிறினால் முழங்கால் சில்லு பெயர்ந்துவிடும், அப்புறம் பேட் பிடிக்க முடியாது என்று பயந்து எகிறவில்லை. விமானத்தை வயிற்றுப் பக்கமாகவே இறக்கினார். ஓடுதளத்தில் தேய்த்துக்கொண்டே போய் அது நின்றதும் குதித்து ஓடினார். அதன் பிறகும் பறந்தார் வே!

வள்ளியூர்க்காரன்:
தைரியத்தை யார் மறுத்தது? விஜயநாராயணம் கடற்படைத் தளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்களில் சம்பளத்துக்காகப் போனவர்களும் உண்டு, அதனால் யாரும் அவர்களைக் குறைத்துப் பேசுவதில்லை. பிடிக்காமல் போயும் ஒழுங்காகப் பறந்தார் என்று சொல்லுங்கள், நானும் கை தட்டுகிறேன்.

களக்காடு ஸ்கோரர்:
அந்த 600-ஐ விடுங்கள். கொரியாவிலிருந்து வந்து 1953-இல் 37 ஆட்டத்தில் .407 எடுத்தாரே, அது கணக்கு. ஆடாத ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுத நான் உள்ளூர் மேட்சிலேயே விடமாட்டேன். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் கீத் மில்லரும் இரண்டாம் உலகப் போரில் மாஸ்கிட்டோ என்ற போர் விமானத்தின் விமானிதான். போர் முடிந்து, 26 வயதில்தான் முதல் டெஸ்ட். அவருக்கு யார் ரன் கூட்டிக் கொடுத்தார்கள்?

பாளை பேட்ஸ்மேன்:
மில்லருக்குத் தனித் திரி போடுங்கள். கையில் விலக்கு இருந்தும் போய்ச் சேர்ந்தாரே, அதற்கு என்ன பெயர்?

வள்ளியூர்க்காரன்:
பத்திரிகைக்காரன் என்று பெயர், அண்ணாச்சி.