உதவி: மாடி சிஸ்டத்தைக் கீழே இருந்து திறக்க முடியலை (அவசரம்)

அச்சகத்தார்: வணக்கம். சின்ன ஆஃப்செட் பிரஸ் வெச்சிருக்கோம். மாடியில டிசைன் சிஸ்டம், கீழே பில்லிங் சிஸ்டம். மேல ஷேர் பண்ணின ஃபோல்டரைக் கீழே திறந்தா ‘நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்ட்’னு வருது. போன வாரம் வரைக்கும் நல்லா இருந்துச்சு. ரெண்டுலயும் இன்டர்நெட் வருது. முகூர்த்த சீசன், பத்திரிகை ஃபைலை எல்லாம் பென் டிரைவ்லதான் இறக்குறோம். சீக்கிரம் சொல்லுங்க.

கம்பிவடம்: எந்த விண்டோஸ்? கேபிளா, வைஃபையா? ரெண்டு சிஸ்டத்துக்கும் ஐபி (நெட்வொர்க்ல அந்த சிஸ்டத்தோட முகவரி எண்) என்ன?

காவல்சுவர்: ஃபயர்வால்தாங்க (வெளியே இருந்து வர்றதைத் தடுக்கிற பாதுகாப்பு). செட்டிங்ஸ்ல நெட்வொர்க் ப்ரொஃபைல் ‘பப்ளிக்’னு இருந்தா ஷேரிங்கை அடைச்சிடும். ‘பிரைவேட்’ ஆக்குங்க.

பழையகை: விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல எஸ்எம்பி 1-ஐ (ஃபைல் ஷேர் பண்ற பழைய முறை) டிக் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. நான் போற கடை எல்லாத்துலயும் இதுதான் தீர்வு.

வலைவாத்தியார்: ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே. இந்த மூணும் இல்லாம கேட்டா யாரும் ஜோசியம்தான் சொல்லணும். பல வருஷமா இதையே சொல்றேன். முதல்ல படிச்சிட்டுக் கேளுங்க.

அச்சகத்தார்: மேல விண்டோஸ் 10, கீழே 11. ஃபயர்வாலை ஆஃப் பண்ணியும் பார்த்தாச்சு. மேல இருந்து கீழ் சிஸ்டத்துல இருக்கிற பிரிண்டருக்குப் பிரிண்ட் போகுது. கீழே இருந்து மேலதான் போக முடியலை.

பழையகை: அப்ப எஸ்எம்பி 1 கண்டிப்பா.

காவல்சுவர்: அண்ணே, தயவுசெஞ்சு அதை யாருக்கும் சொல்லாதீங்க. 2017 மே மாசம் வான்னாக்ரை (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ்) பரவினது அந்த ஓட்டை வழியாத்தான். அந்த வருஷக் கடைசியில வந்த விண்டோஸ் 10 பதிப்புல இருந்து புதுசா போடுற சிஸ்டத்துல அதைச் சேர்க்கிறதையே விட்டுட்டாங்க.

பழையகை: அதுக்கு மார்ச்லயே பேட்ச் வந்தாச்சு தம்பி. போடாதவங்கதான் மாட்டினாங்க. பழைய ஸ்கேனர் வெச்சிருக்கிற கடைக்காரர் எங்கே போவார்?

காவல்சுவர்: இவர்கிட்ட ஸ்கேனரே இல்லையே. 10-ம் 11-ம் பேச எஸ்எம்பி 3 போதும். பில்லிங் சிஸ்டத்தோட விளையாடக் கூடாது.

கம்பிவடம்: ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. ஒரு பக்கம் மட்டும் போகுதுன்னு சொல்றாரே, அதுதான் முக்கியம். சார், ரெண்டு சிஸ்டத்துலயும் கமாண்ட் பிராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் அடிச்சு வர்றதை அப்படியே போடுங்க. புதுசா ஏதாவது மாட்டினீங்களா?

அச்சகத்தார்: கீழே 192.168.1.20, மேல 192.168.0.101. மாடியில சிக்னல் இல்லைன்னு ஒரு வைஃபை ரௌட்டர் வாங்கி மாட்டினோம். கீழ் ரௌட்டர்ல இருந்து கேபிள் போகுது.

கம்பிவடம்: அந்த கேபிள் மாடி ரௌட்டர்ல தனி நிறத்துல இருக்கிற ‘வேன்’ போர்ட்ல (வெளியே இருந்து இன்டர்நெட் வர்ற ஓட்டை) சொருகியிருக்கும், பாருங்க. அப்படின்னா மாடி தனி நெட்வொர்க் ஆயிடுச்சு. மேல இருந்து கிளம்புறதை எல்லாம் அந்த ரௌட்டர் தன்னோட ஐபியில கீழே அனுப்பும், பதிலையும் சரியா வாங்கிக் கொடுக்கும். அதனாலதான் பிரிண்ட் போகுது. கீழே இருந்து 192.168.0.101-ஐத் தேடினா, கீழ் ரௌட்டருக்கு அப்படி ஒரு இடமே தெரியாது, வெளியே இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடும். ஃபயர்வாலை என்ன பண்ணினாலும் திறக்காது.

மாடி ரௌட்டர் செட்டிங்ஸ்ல லேன் ஐபியை (உள் நெட்வொர்க்ல ரௌட்டரோட முகவரி) 192.168.1.2-ன்னு மாத்துங்க (அது வேற எதுக்கும் இல்லைன்னு பார்த்துக்குங்க). டிஹெச்சிபியை (தானா ஐபி கொடுக்கிற வசதி) ஆஃப் பண்ணுங்க. அதுக்கப்புறம் கேபிளை வேன்ல இருந்து உருவி, லேன் போர்ட் ஏதாவது ஒண்ணுல போடுங்க. இந்த வரிசை மாறக் கூடாது. டிஹெச்சிபி ஆன்ல இருக்கும்போது லேன்ல சொருகினா ரெண்டு ரௌட்டரும் ஐபி கொடுத்து மொத்தமும் குழம்பிடும். கடைசியா மாடி சிஸ்டத்தை ரீஸ்டார்ட் பண்ணுங்க, 192.168.1-ல ஆரம்பிக்கிற ஐபி வரணும்.

வலைவாத்தியார்: முதல் பதிவுலயே ஐபி போட்டிருந்தா இது ரெண்டு நிமிஷ வேலை. சில மாடல்ல ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’னு ஒரே பட்டன் இருக்கு, அதைப் போட்டாலே போதும்.

பழையகை: இருந்தாலும் நெட்வொர்க் லிஸ்ட்ல பேர் தெரியணும்னா எஸ்எம்பி 1 வேணும்.

காவல்சுவர்: வேண்டாம்ணே. சர்வீசஸ்ல ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ ஓடினாலே பேர் தெரியும்.

அச்சகத்தார்: கேபிளை மாத்தினோம், ஃபோல்டர் திறக்குது. ரொம்ப நன்றி கம்பிவடம் சார். மிஷின் ஓடுது, அப்புறம் வர்றேன்.

காவல்சுவர்: ஆஃப் பண்ணின ஃபயர்வாலைத் திரும்ப ஆன் பண்ணிட்டீங்களா சார்?

காவல்சுவர்: சார்?