புதுப்பிப்பு: அப்பா பாலிசிக்கு ஏஜென்ட் கிடைச்சாச்சு
மன்னார்குடி பக்கம் அப்பாவுக்கு ஹெல்த் பாலிசி போடணும், நம்பிக்கையான ஏஜென்ட்ட எப்படி பாக்கறதுன்னு கேட்டிருந்தேன்ல, முடிஞ்சிடுச்சுங்க. மொதல்ல வந்தவரு, சுகர் இருக்குன்னதும் "அதெல்லாம் ஃபாரத்துல போட வேணாம் சார், நான் பாத்துக்கறேன்"னாரு, அப்பவே வேணாம்னுட்டோம், நாளைக்கு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது க்ளைம் ரிஜெக்ட் ஆனா இவரா வந்து கட்டுவாரு? அடுத்து வந்த அக்கா லைசென்ஸ அவங்களே எடுத்து காட்டுனாங்க, மாத்திரை அட்டைய வாங்கி மெட்ஃபார்மின் எத்தனை மில்லிகிராம்னு பாத்து எழுதுனாங்க, பழைய வியாதிக்கு 3 வருஷம் வரைக்கும் வெயிட்டிங் இருக்கலாம், அதுவரைக்கும் அந்த வியாதிக்கு க்ளைம் கிடைக்காதுன்னு கேக்காமலே சொன்னாங்க. அவங்ககிட்டயே போட்டாச்சு. பாலிசி கைக்கு வந்ததுலேர்ந்து 30 நாள் ஃப்ரீ லுக் இருக்கு, ஒத்து வரலன்னா திருப்பிடலாம், அதான் இப்ப ரூம் வாடகை லிமிட், கோ-பே (பில்லுல நாம கையிலேர்ந்து கட்ட வேண்டிய பங்கு) எல்லாம் வரி வரியா படிச்சிட்டு இருக்கேன்.