மறு: 'திகில் நகைச்சுவை' போதுமா? – 'நகையச்சம்' என்றொரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். திரைக் கலைச்சொல் பட்டியலில் ஹாரர்-காமெடிக்கு நேராக 'திகில் நகைச்சுவை' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று ஒரு மடல் வந்திருந்தது.

> புழக்கத்தில் இருக்கிற சொல், எல்லாருக்கும் புரிகிறது. எண்பதுகளின் அந்த டீன் வாம்பயர் படங்களுக்காக இன்னொரு சொல் எதற்கு?

எதற்கு என்று சொல்கிறேன். மடல் கொஞ்சம் நீளும்.

'திகில் நகைச்சுவை' நல்ல சொல்தான். ஆனால் தமிழில் தொகைச்சொல் ஒன்றைக் கேட்டதும் கடைசியில் நிற்பதைத்தான் நாம் முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். அரசியல் நகைச்சுவை, குடும்ப நகைச்சுவை, திகில் நகைச்சுவை எல்லாமே நகைச்சுவைதான். முன்னால் இருப்பது அடைமொழி. சில படங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஜிம் கேரி இளைஞராக நடித்த 'ஒன்ஸ் பிட்டன்' (1985) அப்படிப்பட்டது. காட்டேரிச் சீமாட்டி ஒருத்தி பள்ளி மாணவன் ஒருவனைத் துரத்துகிறாள், நாம் சிரிக்கிறோம். அவளைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை, பயப்பட வேண்டும் என்று படமும் கேட்பதில்லை. அந்தப் படத்துக்கு இந்தச் சொல்லே இருக்கட்டும்.

அதே 1985 ஆகஸ்டில் வந்தது டாம் ஹாலண்ட் எழுதி இயக்கிய 'ஃப்ரைட் நைட்'. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவன் ரத்தக்காட்டேரி என்று சார்லி என்ற பையன் கண்டுபிடிக்கிறான். அம்மா நம்பவில்லை, காதலி நம்பவில்லை, போலீஸும் நம்பவில்லை. இதெல்லாம் சிரிப்பாகவே போகிறது. கடைசியில் அவன் போய் நிற்பது, தொலைக்காட்சியில் நள்ளிரவில் பழைய பேய்ப்படங்களை வழங்கும் பீட்டர் வின்சென்ட் என்ற ஓய்ந்துபோன நடிகரிடம். பழைய பேய்ப்பட நடிகர்களான பீட்டர் குஷிங், வின்சென்ட் பிரைஸ் இருவர் பெயரையும் ஒட்டி வைத்த பெயர் அது. ராடி மெக்டோவால் நடித்திருக்கிறார். இப்போதெல்லாம் காட்டேரி வேட்டைக்காரனை யார் பார்க்கிறார்கள், முகமூடி போட்டுக்கொண்டு பெண்களை வெட்டுகிற பைத்தியக்காரனைத்தான் கேட்கிறார்கள் என்று புலம்புவார். வேலையும் போய்விட்டது. திரையில் வீரர், வெளியே கோழை. சிரிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் காட்டேரியாக வரும் கிறிஸ் சரண்டனை ஒரு காட்சியில்கூட சிரிப்புப் பொருளாக்கவில்லை. பழம் கடித்துக்கொண்டு, மெல்ல விசிலடித்துக்கொண்டு, மரியாதையாகப் பேசுகிறான். அதனாலேயே இன்னும் பயமாக இருக்கிறது. பீட்டர் வின்சென்ட் சினிமாப் பழக்கத்தில் சிலுவையை நீட்டுகிறார். அவன் அதைக் கையில் வாங்கி நசுக்குகிறான். அதன்மேல் நம்பிக்கை இருந்தால்தான் அது என்னிடம் பலிக்கும் என்கிறான். ஒரு நொடி முன்வரை அவருடைய கோழைத்தனம் நமக்கு வேடிக்கை. அடுத்த நொடியில் அதே கோழைத்தனம்தான் அவர் உயிருக்கு ஆபத்து. இதில் எது நகைச்சுவை, எது திகில் என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

இன்னொரு காட்சி. சார்லியின் நண்பன் எட், எப்போதும் கீச்சுக்குரலில் கேலி பேசிக்கொண்டு திரிபவன். படத்தின் பாதிச் சிரிப்பு அவன் தருவது. ஒரு சந்தில் காட்டேரி அவனை மடக்குகிறான். மற்றவர்களிலிருந்து மாறுபட்டு இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும், இனி யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள், என் கையைப் பிடித்துக்கொள் என்கிறான். எட் அழுதுகொண்டே கை நீட்டுகிறான். பிறகு ஓநாயாகிப் பாய்ந்து, மார்பில் மரத்துண்டு பாய்ந்து சாகும்போது, உரு கொஞ்சம் கொஞ்சமாக மீண்டும் பையனாக மாறுகிறது. நீளமான காட்சி அது. கொன்றவரான பீட்டர் வின்சென்டே கண்கலங்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கோமாளியின் சாவை இத்தனை நேரம் காட்டுகிற படத்தை 'ஒருவகை நகைச்சுவை' என்று பட்டியலில் போட எனக்கு மனம் வரவில்லை.

'தி லாஸ்ட் பாய்ஸ்' (1987) பற்றி ஒரு நண்பர் எழுதியிருந்தார்:

> ஜோயல் ஷூமாக்கர் படம் ஸ்டைல்தான். தோல் ஜாக்கெட், மோட்டார் சைக்கிள், பாட்டு. சிரிப்பும் பயமும் அதில் மேலோட்டம்.

இதை ஏற்க முடியவில்லை. கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் கடற்கரையில் எடுத்துவிட்டு, ஊருக்கு சாண்டா கார்லா என்று கற்பனைப் பெயர் வைத்த படம். கவர்ச்சி இருக்கிறதுதான். ஆனால் குகைக்குள் நடக்கும் விருந்தை நிதானமாகப் பாருங்கள். காட்டேரிக் கூட்டத்தின் தலைவன் டேவிட், புதிதாக வந்த மைக்கேலுக்குச் சீனச் சாப்பாடு கொடுக்கிறான். மைக்கேல் சோற்றைத் தின்கிறான். புழு எப்படி இருக்கிறது என்று டேவிட் கேட்கிறான். குனிந்து பார்த்தால் பெட்டி முழுக்க நெளிகிறது. துப்புகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், மறுபடி பார்த்தால் வெறும் சோறு. அடுத்து நூடுல்ஸிலும் அதே விளையாட்டு. அப்புறம் ஒரு பாட்டில் வருகிறது. குடிக்காதே, அது ரத்தம் என்று ஸ்டார் என்ற பெண் எச்சரிக்கிறாள். இதுவும் கேலிதான் என்று மைக்கேல் குடித்துவிடுகிறான். அது ரத்தமேதான்.

அந்த இரண்டு வேடிக்கைகள் இல்லையென்றால் மூன்றாவது பொறியில் அவன் விழுந்திருக்க மாட்டான். பயத்தை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதே சிரிப்புதான்.

இதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்யும் காட்சி ஒன்று உண்டு. மைக்கேலின் அம்மாவோடு பழகும் வீடியோ கடைக்காரர் மாக்ஸ் காட்டேரியா என்று சோதிக்க, தம்பி சாமும் அவன் நண்பர்களான ஃப்ராக் சகோதரர்களும் இரவு உணவில் கலவரம் செய்கிறார்கள். பாலாடைக்கட்டித் துருவல் என்று பூண்டைப் போடுகிறார்கள், புனித நீரைக் கொட்டுகிறார்கள், கண்ணாடியைக் காட்டுகிறார்கள். எதுவும் பலிக்கவில்லை. அம்மாவுக்கு அவமானம், நமக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. கடைசியில் மாக்ஸ்தான் மூலக் காட்டேரி என்று தெரிகிறது. அன்று வாசலில் நின்றவர், நீதான் வீட்டின் ஆண்பிள்ளை, நீ அழைத்தால்தான் வருவேன் என்று மைக்கேலிடம் பெரிய மனிதராகப் பேசினாரே, அது மரியாதை இல்லை. வீட்டார் அழைத்து உள்ளே வந்த காட்டேரியிடம் எந்தச் சோதனையும் செல்லாது. நாம் சிரித்துக்கொண்டிருந்ததால் தடயம் கண்முன் கிடந்தும் கவனிக்கவில்லை.

'ஃப்ரைட் நைட்'டிலும் பையனின் அம்மாதான் பக்கத்து வீட்டுக்காரனை அன்பாக உள்ளே அழைக்கிறாள். இரண்டு படத்திலும் பெரியவர்களின் உபசாரம் கதவைத் திறந்துவிடுகிறது. விதிகள் தெரிந்தவர்கள் காமிக்ஸும் பழைய படமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் மட்டுமே. அவர்கள் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை. இந்தப் படங்கள் பதின்பருவத்தினரை அப்படிப் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நாம் சொல்வதை வீட்டில் யாரும் நம்பவில்லை என்ற குமுறல் அந்த வயதுக்கே உரியது. பெரியவர்கள் பக்கமிருந்து பார்த்தால் அது வேடிக்கை, பிள்ளைகள் பக்கமிருந்து பார்த்தால் பயங்கரம். ஒரே நிகழ்ச்சிதான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, நகையில் தொடங்குகிறது. நகை எதிலிருந்து பிறக்கும் என்பதற்கு 'எள்ளல் இளமை பேதைமை மடன்' என்று நான்கு நிலைக்களம். அச்சத்துக்கு 'அணங்கே விலங்கே கள்வர் தம் இறை' என்று நான்கு. அணங்கு என்பதில் பேயையும் பூதத்தையும் சேர்த்துப் பொருள் சொல்கிறார் பேராசிரியர் என்ற பழைய உரைகாரர். நாம் பேசும் படங்களில் இந்தப் பங்கீடு அப்படியே நிற்கிறது. நகை இளமையிலிருந்தும் பேதைமையிலிருந்தும் வருகிறது, அச்சம் அணங்கிலிருந்து வருகிறது. அணங்கை எள்ளத் தொடங்கினால் படம் 'ஒன்ஸ் பிட்டன்' ஆகிவிடும். இளமையின் சிரிப்பை எடுத்துவிட்டால், அதே 1987-இல் கேத்ரின் பிக்லோ எடுத்த 'நியர் டார்க்' பக்கம் போய்விடும். அதுவும் சிறந்த படம்தான், ஆனால் வேறு இனம்.

எனவே என் பரிந்துரை: நகையச்சம். படத்தைக் குறிக்க நகையச்சப் படம்.

'காய்கறி', 'இரவுபகல்' போல இதை உம்மைத்தொகையாகக் கொள்ளலாம். நகையும் அச்சமும், இரண்டும் சமத் தகுதியில். இலக்கணம் தெரிந்தவர்கள் இதையே 'நகையால் விளைந்த அச்சம்' என்று விரிக்கவும் கூடும். விரிக்கட்டும். அந்தக் குகை விருந்துக்கு அந்த விரிவும் சரியாகவே பொருந்துகிறது.

இதற்கு வந்த மறுப்பு:

> நகை என்றால் இன்று தங்கம்தான் நினைவுக்கு வரும். 'சிரிப்புத் திகில்' என்று போடுங்கள்.

நகைச்சுவை, நகைப்பு, புன்னகை எல்லாம் நாள்தோறும் சொல்கிறோம், யாருக்கும் தங்கம் நினைவுக்கு வருவதில்லை. 'சிரிப்புத் திகில்' பேச்சில் நன்றாக இருக்கிறது, விமர்சனத்தில் எழுதவும் தடையில்லை. ஆனால் அதில் திகில் தலைமையாகி, பழைய கோளாறு மறுபக்கம் சாய்கிறது.

இன்னொருவர் 'காமெடிப் பேய்ப்படம்' என்ற வழக்கையே ஏற்கலாம் என்றார். 'காஞ்சனா' (2011) வகைக்கு அது ஊன்றிவிட்டது, அங்கேயே இருக்கட்டும். அவற்றில் முன்பாதிச் சிரிப்புக்கு இணையாகப் பின்னால் வருவது பெரும்பாலும் பேயின் துயரக் கதை. அதாவது நகையும் அழுகையும். அதற்கென்று தனி மடல் எழுத வேண்டும்.

அடுத்து, தொனிச் சமநிலை (tonal balance). மூலப் பட்டியலில் இப்படித்தான் இருக்கிறது. சமநிலை என்றதும் பாதிக்குப் பாதி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 'தி லாஸ்ட் பாய்ஸ்' கடற்கரைத் தீயைச் சுற்றி இருப்பவர்களைக் காட்டேரிகள் கொன்று தின்னும் காட்சியில் சிரிப்பு துளியும் இல்லை. படம் முடிகிற இடத்திலோ, சண்டையெல்லாம் ஓய்ந்தபின் தாத்தா குளிர்பெட்டியைத் திறந்து, இந்த ஊரில் எனக்குப் பிடிக்காத ஒன்றே ஒன்று இந்தக் காட்டேரிகள்தான் என்று சலித்துக்கொள்கிறார். அது முழுக்க முழுக்கச் சிரிப்பு. அளவு பார்த்தால் எங்கும் சமமில்லை. ஆனாலும் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை. ஆகவே சுவையிணக்கம் என்று சொல்லலாம். அது கெடும்போது, அதாவது ஒரு நகைச்சுவை வசனம் வந்து அதுவரை கட்டிய பயத்தை முறித்துப்போடும்போது, சுவைமுறிவு. விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இரண்டாவது சொல்தான் அதிகம் பயன்படும்.

'வாம்பயர்' பற்றி நீண்ட விவாதம் வேண்டாம் என்பது என் கருத்து. ரத்தக்காட்டேரி ஊன்றிவிட்டது. காட்டேரி நம் ஊர்களில் வழிபடும் தெய்வமும் ஆயிற்றே என்று ஒருவர் கேட்டது நியாயம். அதனால்தான் 'ரத்த' என்ற அடை விடாமல் இருக்க வேண்டும் என்கிறேன். 'குருதியுறிஞ்சி' எழுத்தில் சரி, வசனத்தில் யார் வாயிலும் நுழையாது.

பட்டியலில் சேர்க்க நான் எழுதியிருக்கும் வரைவு:

நகையச்சம் – நகையும் அச்சமும் ஒன்றுக்கொன்று அடையாகாமல், ஒரே காட்சியில் சேர்ந்து இயங்கும் கதை இனம். அஞ்சத்தக்கதை எள்ளுவதில்லை, நகை பெரும்பாலும் மாந்தரின் இளமை, பேதைமையிலிருந்து எழும். எ-டு: 'ஃப்ரைட் நைட்' (1985), 'தி லாஸ்ட் பாய்ஸ்' (1987).

1981-இல் வந்த 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' இந்த வரைவுக்குள் வருமா என்பதில் எனக்கே இரண்டு எண்ணம் இருக்கிறது. அதில் செத்த நண்பன் மேலும் மேலும் அழுகிக்கொண்டே வந்து ஜோக்கடிக்கிறான். நகை அங்கே இளிவரலோடு, அதாவது அருவருப்போடு, கலக்கிறது. வரைவை விரிப்பதா, அதற்கு வேறு சொல் தேடுவதா? அந்தப் படத்தை அண்மையில் பார்த்தவர்கள், காட்சியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.