மறுமொழி: 'சமூக மத்தியஸ்தம்' சரிவருமா?

> மலாய் மொழியில் 'மீடியேட்டர் கொமுனித்தி' என்கிறார்கள். நேராக 'சமூக மத்தியஸ்தர்' என்று போட்டுவிடலாமே?

வணக்கம். அண்டைவீட்டார் சச்சரவைப் பேசித் தீர்த்துவைக்கும் மலேசியத் திட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே கேள்வி. 'மத்தியஸ்தம்' எனக்குச் சம்மதம். இலங்கையில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகளுக்கு அதுதான் பெயர். நாம் புதிதாக ஒன்றைச் செதுக்க வேண்டாம். இடிப்பது 'சமூக'தான். இங்கே பினாங்கில் 'நம்ம சமூகம்' என்றால் இந்தியர் என்றுதான் காதில் விழும். சில வீடுகளில் அது சாதி வரைக்கும் சுருங்கிவிடும். ஆனால் இந்தத் திட்டத்தை நடத்துவதே, எல்லா இனத்தாரையும் இணைக்க அரசு வைத்திருக்கும் ஒற்றுமைத் துறை. பாயான் பாரு அடுக்குமாடியில் கார் நிறுத்துமிடத்துக்கு முட்டிக்கொள்பவர்கள் கீழ்வீட்டு மலாய் அம்மாவும் மேல்வீட்டு அக்காவுமாக இருக்கலாம். அவர்களுக்கு எது பொதுச் சமூகம்? படிக்கட்டுதான் பொது.

> 'பஞ்சாயத்து' எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பஞ்சாயத்தில் பெரியவர் தீர்ப்புச் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். 2012இல் வந்த மலேசிய மத்தியஸ்தச் சட்டத்தில் (749ஆம் சட்டம்) வரும் மத்தியஸ்தர் அப்படி இல்லை. யோசனை சொல்லலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால் அது அவர்களைக் கட்டுப்படுத்தும். ஒத்துவரவில்லையா, வழக்குப் போடத் தடை ஏதுமில்லை. இதையெல்லாம் விட்டாலும், 'பஞ்சாயத்து' என்றதும் முன்னால் ஒரு 'கட்ட' வந்து ஒட்டிக்கொள்ளும். 'நடுவர்' என்ற சொல்லையும் 'திம்பாங் தாரா'வுக்கே (ஆர்பிட்ரேஷன்) விட்டுவைப்போம். அங்கே முடிவு அவர் கையில்.

> 'சந்து செய்தல்' (சமாதானம் செய்துவைத்தல்) என்ற பழைய வழக்கு?

அழகான சொல். ஆனால் ஜார்ஜ்டவுனில் 'சந்து மையம் எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள், ஏதாவது ஒரு லோரோங்கை, அதாவது குறுகிய தெருவை, கைகாட்டுவார்கள்.

என் பரிந்துரை 'அக்கம்பக்க மத்தியஸ்தம்'. குடியிருப்புப் பகுதிகளில் இயங்கும் ருக்குன் தெத்தாங்கா குழுக்களின் பெயரிலேயே அண்டைவீட்டார் ('தெத்தாங்கா') இருக்கிறார்கள். அதற்கான 751ஆம் சட்டம், பிணக்கில் சமரசம் பேசுவதையும் குழுவின் வேலைகளில் சேர்த்திருக்கிறது. 'அண்டை மத்தியஸ்தம்' இன்னும் சின்னது. ஆனால் அண்டை நாட்டுச் சண்டை மாதிரி ஒலிக்கிறது. கடைக்காரரோடு வரும் தகராறு இந்தப் பெயருக்குள் அடங்காது, அடங்கவும் வேண்டாம். 50,000 ரிங்கிட் வரைக்கும் அதற்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது.

கடைசியில் இருவரும் கையெழுத்திடும் தாளுக்கு 'இணக்க ஒப்பந்தம்' என்று குறித்து வைத்திருக்கிறேன்.

* * *

கோலாலம்பூரிலிருந்து ஒரு சின்னக் குறுக்கீடு. 'அக்கம்பக்க' எனக்கும் சரி. அறிவிப்புப் பலகையில் கொஞ்சம் நீளும், பரவாயில்லை. ஆனால் ஐயா, 'இணக்க ஒப்பந்தம்' வேண்டாமே. இணங்காமல் யார் ஒப்பந்தம் போடுவார்கள்? 'தீர்வொப்பந்தம்' என்றால் சண்டை முடிந்தது என்பதும் சேர்ந்து வருகிறது. மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் அப்படியே ஏற்றிவிடுகிறேன்.